ஓவியமா, உயிரியலா? கடலூர், புதுச்சேரி மாணவர்கள் கல்லூரி முதலாண்டு பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கடலூரிலும் புதுச்சேரியிலும், இடையில் பாகூர், கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி பக்கத்து வீடுகளிலும் ஒரே பேச்சுதான்: அடுத்து என்ன படிப்பது? அந்தப் பேச்சில் இரண்டு படிப்புகளை மட்டும் குறைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஓவியம் என்றால் பொழுதுபோக்கு, பிஎஸ்சி உயிரியல் என்றால் மெடிக்கல் சீட் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்கிறார்கள். இரண்டு வகுப்பறைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

அறிமுகப் பாடம் என்று எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு வகை உண்டு. ஒன்று, நீங்கள் சேர்ந்த பட்டப்படிப்பின் முதலாண்டு அடிப்படைப் பாடம். இன்னொன்று, வேறு துறையில் இருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளும் சிறிய பாடம். வணிகவியல் படிக்கும் பெண் ஓவிய அடிப்படை படிப்பதும், ஓவியம் படிக்கும் பையன் தாவரவியல் அறிமுகம் படிப்பதும் இரண்டாவது வகை.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரையறையில் 100 முதல் 199 வரை எண் கொண்டவை அறிமுக நிலைப் பாடங்கள். கிரெடிட் கணக்கும் அதிலேயே இருக்கிறது. ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு வீதம் ஒரு செமஸ்டருக்கு 15 மணி நேரம். அதே ஒரு கிரெடிட் செய்முறை என்றால் 30 மணி நேரம். இந்தக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். ஓவியத்திலும் உயிரியலிலும் செய்முறை அதிகம். கிரெடிட் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலும் கல்லூரியில் இருக்கவேண்டிய நேரம் கூடும். மதியத்துக்கு மேல் பகுதிநேர வேலைக்குப் போகலாம் என்று திட்டமிடும் பிள்ளைகள் கால அட்டவணையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.

புதுச்சேரிக் கல்லூரிக்கும் கடலூர்க் கல்லூரிக்கும் பாட அமைப்பில் என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கலை அறிவியல் கல்லூரிகள் தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டு அமைப்புக்கு வந்துவிட்டன. மூன்றாண்டு முடித்துப் பட்டத்தோடு வெளியே வரலாம், விரும்பினால் நான்காவது ஆண்டும் படித்து ஹானர்ஸ் வாங்கலாம். யுஜிசி வரையறைப்படி எல்லோரும் பல்துறைப் பாடங்கள் 9 கிரெடிட் அளவுக்கு, அதாவது மூன்று அறிமுகப் பாடங்கள், தங்கள் துறைக்கு வெளியே எடுக்க வேண்டும். பிளஸ் டூவில் படித்த பாடத்தையே மறுபடி எடுத்து ஒப்பேற்ற முடியாது என்றும் விதி உண்டு.

கடலூர் தமிழ்நாட்டு முறை. மூன்றாண்டுதான். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். பகுதி நான்கில்தான் என்எம்இ என்று எல்லோரும் சொல்லும் வேற்றுத் துறை விருப்பப் பாடம் வரும். பள்ளியில் தமிழ் படிக்காதவர்களுக்கு அந்த இடத்தில் அடிப்படைத் தமிழ் வந்துவிடும்.

எந்தெந்த வேற்றுத் துறைப் பாடங்கள் கிடைக்கும் என்பது அந்தக் கல்லூரியில் எந்தத் துறைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஓவிய ஆசிரியரே இல்லாத கல்லூரியில் ஓவியம் எப்படி நடத்துவார்கள்? பட்டியலில் பெயர் இருந்தாலும், யார் நடத்துகிறார், தனி அறை உண்டா என்று சீனியர்களிடம் கேளுங்கள். அப்புறம் ஒரு விஷயம். இந்தப் பாடத்தை "மார்க் ஈஸியா வரும்" என்ற ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் துறைக்கு வெளியே ஒரு ஆசிரியரோடு ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் அடிக்கடி வராது.

எங்கே சேரலாம்? எப்படி விண்ணப்பிப்பது?

ஓவியம், சிற்பம் எல்லாம் சேர்ந்த காட்சிக்கலைக்குப் பக்கத்தில் இருப்பது அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடம். கடலூரில் இருந்து புதுச்சேரி போகும் சாலையிலேயே வருகிறது, பேருந்தில் போய் வரலாம். அங்கே காட்சிக்கலையோடு இசை, நடனமும் உண்டு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி வேண்டும் என்றால் சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகள். சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கப்பட்டது. இவற்றில் பிஎஃப்ஏ (நுண்கலை) அல்லது பிவிஏ (காட்சிக்கலை) பட்டம் நான்கு ஆண்டு. பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் சேரலாம். ஆனால் வரைதிறனைச் சோதித்துப் பார்ப்பார்கள்.

உயிரியலுக்கு இடம் தாராளம். புதுச்சேரியில் லாஸ்பேட்டை தாகூர் அரசுக் கல்லூரி, பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி, கதிர்காமம் இந்திரா காந்தி அரசுக் கல்லூரி போன்றவை. கடலூரில் தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியும் தனியார் கல்லூரிகளும். தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் என்று பெயர்கள் பல. எங்கே எது நடக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், அந்த ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். பிளஸ் டூவில் உயிரியலோ, தாவரவியல் விலங்கியலோ படித்திருக்க வேண்டும்.

புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்கு அந்த அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக, தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு உயர்கல்வித் துறையின் ஒரே ஆன்லைன் விண்ணப்பம் வழியாக. பாகூர்க்காரருக்குக் கடலூர்தான் பக்கம், ஆனால் அவர் கையில் இருப்பது புதுச்சேரி இருப்பிடச் சான்றிதழ். இந்த எல்லைக் கிராமத்துப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் விண்ணப்பித்து வைப்பதே புத்திசாலித்தனம்.

விஸ்காம் படித்தால் ஓவியம் படித்தது போல் ஆகுமா?

ஆகாது. விஷுவல் கம்யூனிகேஷன் ஊடகப் படிப்பு. அதிலும் முதல் செமஸ்டரில் டிராயிங் உண்டு, ஆனால் அப்புறம் கேமரா, எடிட்டிங், விளம்பரம், செய்தி என்று போய்விடும். நான்கு ஆண்டும் தினசரி வரைய வேண்டும், மண்ணைப் பிசைய வேண்டும், அச்சு எடுக்க வேண்டும் என்றால் காட்சிக்கலைக்குப் போங்கள். ஷார்ட் ஃபிலிம் எடுக்கும் ஆசை என்றால் விஸ்காம் சரி.

ஓவியப் படிப்பில் முதலாண்டு என்னதான் சொல்லித் தருவார்கள்?

பெயிண்டிங், சிற்பம், டிசைன் என்று பிரிவதற்கு முன் எல்லோருக்கும் பொதுவான அடிப்படை இது. ஸ்டில் லைஃப், நேச்சர் ஸ்டடி, மனித உருவம், தூரம் போகப் போகச் சிறிதாகத் தெரிவதை வரையும் தொலைநோக்கு (பெர்ஸ்பெக்டிவ்), வண்ணம், களிமண் வேலை, எழுத்துருக்கள், கூடவே இந்திய, மேலைக் கலை வரலாறு.

முதல் மாதங்களில் பெரும்பாலும் பென்சிலும் கரியும்தான். ஒரு குடம், ஒரு மடித்த துணி, இரண்டு வெங்காயம் வைத்துவிட்டு "வரை" என்பார்கள். ஆர்வத்தோடு வருகிற பிள்ளைகளுக்கு இங்கேதான் முதல் சோதனை. சினிமா நடிகர் முகத்தைப் போட்டோ பார்த்து மயிரிழை பிசகாமல் வரைந்து பாராட்டு வாங்கியவர்களுக்குக் குடத்தின் வாய் தட்டையாக வந்து நிற்கும். குடத்தின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும், அதனால் கை வட்டம் போடப் பார்க்கிறது. உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்து கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். அதன் அடிப்பக்கம் வாயைவிடக் கொஞ்சம் அதிகம் வளைந்திருக்கும். கையை நீட்டிப் பென்சிலைக் குறுக்கே பிடித்து, ஒரு கண்ணை மூடி அகலத்தையும் உயரத்தையும் அளந்து பார்க்கச் சொல்வார்கள். அப்படி அளக்கும்போதுதான் நாம் தெரிந்ததை வரைகிறோம், பார்ப்பதை வரையவில்லை என்று புரியும். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்.

தொலைநோக்குப் பாடத்துக்குப் புதுச்சேரியை விட நல்ல வகுப்பறை கிடைக்காது. ஒயிட் டவுன் பக்கம் நேர்க்கோட்டில் போகும் தெருவின் நடுவில் காலை ஆறரைக்கு நின்றால், இரு பக்கச் சுவர்களின் மேல்விளிம்பும் ஜன்னல் வரிசையும் நடைபாதையும் கண் மட்டத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஓடுவது தெரியும். வண்டிகள் வருவதற்குள் வரைந்துவிட வேண்டும்!

எனக்குப் படம் வரையவே வராது. அறிமுகப் பாடமாக எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். பட்டப்படிப்பில் சேரத்தான் வரைதிறன் சோதனை, வேற்றுத் துறைப் பாடத்துக்குக் கிடையாது. மார்க்கும் ஆரம்பத்தில் இருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதைப் பார்த்தே பெரும்பாலும் விழும். ஸ்கெட்ச்புக்கில் கிழிக்காமல் தேதி போட்டு வைத்திருந்தால் அதுவே சாட்சி.

உயிரியல் முதலாண்டு எப்படி இருக்கும்? மனப்பாடம்தானா?

மனப்பாடம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தாவரவியல் என்றால் பாசி, பூஞ்சை, பிரையோஃபைட் என்று தொடங்கும். விலங்கியல் என்றால் முதுகெலும்பு இல்லாதவையில் தொடங்கி முதுகெலும்பு உள்ளவைக்கு வரும். லத்தீன் பெயர்கள் மாலை மாலையாக வரும். துணைப்பாடமாக வேதியியலும் பல இடங்களில் உண்டு. பள்ளியில் வேதியியலைக் கைவிட்டவர்கள் அதிகம் திணறுவது இந்தத் துணைப்பாடத்தில்தான்.

ஆனால் இந்தப் படிப்பின் உயிர் லேபில் இருக்கிறது. தண்டின் குறுக்குவெட்டு எடுப்பதையே பாருங்கள். வெட்டுக்காயப் பூண்டு என்று நாம் சொல்லும் செடியின் இளந்தண்டை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். பிளேடைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ரம்பம் போல் அறுக்காமல், ஒரே இழுப்பில் தன் பக்கம் இழுக்க வேண்டும். இருபது சீவல் சீவினால் இரண்டு தேறும். வாட்ச் கிளாஸில் மிதப்பதில் எது கண்ணாடி போல் தெரிகிறதோ அதைப் பிரஷ்ஷால் எடுத்து சாஃப்ரனின் சாயத்தில் கொஞ்ச நேரம் போட்டு, கழுவி, கிளிசரின் சொட்டில் வைத்து, கவர் கிளாஸை ஊசியால் தாங்கிச் சாய்வாக மெல்ல இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். மைக்ராஸ்கோப்பில் கறுப்பு விளிம்போடு அழகாக உருண்டையாகத் தெரியும் அந்தக் குமிழியை "செல்" என்று ரெக்கார்டில் வரைந்துகொண்டு வருகிறவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு. 10எக்ஸ் கண்லென்ஸ், 40எக்ஸ் பொருள்லென்ஸ் வைத்தால் 400 மடங்கு பெரிதாகத் தெரியும். தண்டில் தண்ணீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் சிவப்பாக வட்டவட்டமாக வரிசை கட்டி நிற்பதைத் தன் கையால் சீவிய துண்டில் முதல்முறை பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இந்தப் படிப்பை யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள்.

ரெக்கார்டு நோட்டில் படம் அழகாக இருக்க வேண்டுமா?

சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று தொடுகின்றன, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நம் ஊரில் எங்கும் நிற்கும் பூவரச மரத்தின் பூ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் இதழ்கள், அடியில் கருஞ்சிவப்புத் திட்டு. நேரமாக ஆக மஞ்சள் மங்கிச் செம்மை ஏறும். ஓவிய வகுப்பில் இந்தப் பூவை வைத்தால், இதழின் கசங்கல், வெளிச்சம் ஊடுருவும் இடம், உள்ளே இருட்டும் இடம், வாடும்போது மாறும் நிறம் எல்லாம் கணக்கில் வரும். ஒரு பக்க இதழ் இரண்டு மறைந்திருந்தால் மறைந்தபடியே வரையலாம்.

தாவரவியலில் அதே பூவை நீளவாக்கில் பிளந்து வரைய வேண்டும். ஐந்து இதழ்கள், ஒன்றன் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறிய திருகு இதழமைவு, மகரந்தத் தாள்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குழாயாகிச் சூல்தண்டைச் சுற்றி நிற்கும் ஒருகற்றை அமைப்பு, மேல்மட்டச் சூற்பை. இவற்றில் எது விடுபட்டாலும் படம் தவறு. ஷேடிங் கூடாது, கூரான பென்சிலில் ஒற்றைக் கோடு, பெயர்க் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, எத்தனை மடங்கு பெரிது என்று கீழே குறிக்க வேண்டும். வரைவது அந்த ஒரு பூவையே ஆனாலும், பார்ப்பவர் அதை வைத்து எந்தப் பூவரசம் பூவையும் அடையாளம் காண வேண்டும்.

கைடைப் பார்த்துக் காப்பி அடித்த படம் உடனே மாட்டிக்கொள்ளும். கைடில் இருக்கும் தண்டு எப்போதும் முழு வட்டம். நீங்கள் சீவியது ஒரு பக்கம் கிழிந்திருக்கும். கிழிந்ததை விட்டு நன்றாகத் தெரியும் கால்பாகத்தை மட்டும் வரைந்தால் போதும், நல்ல ஆசிரியர் அதற்குத்தான் மார்க் போடுவார்.

தவளை, கரப்பான் எல்லாம் அறுக்க வேண்டுமா?

பழைய கதை. கல்லூரி விலங்கியலில் விலங்குகளை அறுப்பதைக் கைவிடச் சொல்லி யுஜிசி 2014-லேயே அறிவித்துவிட்டது. இப்போது மாடல், சார்ட், கணினி, பதப்படுத்திய மாதிரிகள்.

நீட் எழுத வேண்டுமா?

பிஎஸ்சி தாவரவியல், விலங்கியலுக்கு வேண்டாம்.

தமிழ் வழியில் படித்தவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும். ஓவிய வகுப்பில் பேச்சு தமிழில்தான் ஓடும், கலை வரலாற்றுத் தேர்வுக்குத்தான் எழுத்துப் பயிற்சி வேண்டும். உயிரியலில் முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூலில் முட்டு வேர், சுவாச வேர், மகரந்தத் தாள் என்று தமிழில் படித்த எதுவும் வீணில்லை. அந்தப் பழைய புத்தகத்தைக் கடையில் போட்டுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்பக்கக் கலைச்சொல் பட்டியல் முதல் ஆண்டு முழுக்கக் கைகொடுக்கும். தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுவது குறைச்சலான காரியம் இல்லை.

ஓவிய மாணவருக்கு உயிரியல் எதற்கு?

மனித உருவம் வரைய எலும்பும் தசையும் தெரிய வேண்டும். தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது என்று தெரியாமல் கையைத் தூக்கிய உருவத்தை வரைந்தால் கை ஒட்டவைத்தது போல் நிற்கும். இது எல்லோரும் சொல்வது.

அதைவிட நமக்கு நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் மதராஸ் மாகாணத் தாவரங்களைத் தொகுத்தபோது அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம் பக்கத்து ஓவியர்கள். ஒரு இலையின் நரம்பு, ஒரு விதையின் வெட்டுமுகம் வரை அவர்கள் வரைந்த படங்கள் தாவரவியலாளர்களுக்கு இன்றும் பயன்படுகின்றன. புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்து அறிவிக்கும்போது இப்போதும் கோட்டோவியம் கேட்கிறார்கள். புகைப்படத்தில் முன்னால் இருப்பது தெளிவாகவும் பின்னால் இருப்பது மங்கலாகவும் விழும், ஓவியர் இரண்டையும் ஒரே தெளிவில் காட்டுவார். இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கம் மிகக் குறைவு. ஓவியமும் தாவரவியலும் சேர்த்துப் படித்த ஒரு பிள்ளைக்கு இது திறந்திருக்கும் வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

உயிரியல் மாணவருக்கு ஓவியம் எதற்கு?

நரம்பு செல்களின் அமைப்பைக் காட்டி 1906-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால் சிறுவயதில் ஓவியராக விரும்பியவர். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைத் தன் கையாலேயே வரைந்தார். கையால் வரையும்போது கண் ஒரு இடத்தில் அதிக நேரம் தங்குகிறது, போனில் படம் எடுத்தால் தங்குவதில்லை. ஸ்பாட்டர் தேர்வில் மேசையில் வைத்திருக்கும் மாதிரியை அடையாளம் சொல்வதிலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

வகுப்புக்கு வெளியே எங்கே போய்ப் பார்க்கலாம்?

புதுச்சேரி தாவரவியல் பூங்கா, 1826-ல் தொடங்கியது. மரங்களில் பெயர்ப்பலகை இருக்கும், நோட்டோடு போங்கள். கடற்கரைச் சாலைப் பாறைகளில் படிந்திருக்கும் பச்சைப் பாசியும் நண்டுகளும் முதலாண்டுப் பாடத்தில் வருபவைதான், காலை வேளையில் வழுக்காமல் பார்த்து இறங்குங்கள். ஊசுட்டேரியில் பறவைகள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் இருந்து இருக்கிறது, அங்கே 25,000-க்கும் மேற்பட்ட உலர்த்திய தாவர மாதிரிகள் கொண்ட ஹெர்பேரியம் உண்டு. முன்கூட்டி அனுமதி கேட்டு, துறை ஆசிரியரோடு போக வேண்டும். களிமண் வேலைக்கு வில்லியனூர்: புவிசார் குறியீடு வாங்கிய சுடுமண் வேலை அங்கே நடக்கிறது. திருவக்கரைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன, உயிரியல் மாணவர் வளையங்களையும் ஓவிய மாணவர் அந்தக் கல்லின் நிறங்களையும் பார்க்கலாம்.

பிச்சாவரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்குப் பக்கம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அலையாத்திக் காடு. படகில் போகும்போது சுரபுன்னையின் முட்டு வேர்கள் வளைந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கும். வெண்கண்டலின் சுவாச வேர்கள் சேற்றில் இருந்து பென்சில் நட்டுவைத்தது போல் மேலே எழும்பி நிற்கும். சுரபுன்னையின் காய் மரத்தில் இருக்கும்போதே உள்ளே விதை முளைத்து நீளமாகத் தொங்கும், அதைத் தேடிப் பாருங்கள். ஓவிய வகுப்பில் "நெகடிவ் ஸ்பேஸ்", அதாவது பொருட்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை வரைவது, என்று ஒரு பயிற்சி உண்டு. அந்த வேர்களுக்கு நடுவில் தெரியும் தண்ணீர்த் துண்டுகளைத்தான் வரைய வேண்டும். மைக்ராஸ்கோப்போடு மட்டும் பழகியவர்களும் ஓவியப் பலகையைத் தாங்கும் ஈசல் ஸ்டாண்டோடு மட்டும் பழகியவர்களும் ஒரே படகில் போனால் இரண்டு தரப்புக்கும் லாபம்.

செலவு எவ்வளவு பிடிக்கும்?

அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவு. ஓவியத்தில் கட்டணத்தை விடச் சாமான்கள்தான் கடிக்கும்: கேன்வாஸ், ஆயில் கலர், நல்ல பிரஷ். முதலாண்டில் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். 2பி, 4பி, 6பி பென்சில், கரி, கார்ட்ரிட்ஜ் தாள், ஒரு போர்டு, போஸ்டர் கலர் போதும். பயிற்சிக்கு நியூஸ்பிரிண்ட் தாள் எடைக்கு வாங்கிக்கொள்ளலாம். உயிரியலில் லேப் கோட், டிசெக்‌ஷன் பாக்ஸ் என்ற பெயரில் இன்னும் விற்கும் ஊசி, இடுக்கி, பிரஷ் கொண்ட பெட்டி, ரெக்கார்டு நோட்டுகள், அப்புறம் களப்பயணச் செலவு. சீனியர்களிடம் பெட்டி கைமாறிக் கிடைக்கும், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

படித்து முடித்தால் வேலை?

பிஎஸ்சி மட்டும் வைத்துக்கொண்டு உயிரியலில் நல்ல வேலை கிடைப்பது கடினம், இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். எம்எஸ்சி, பிஎட் என்று மேலே படிக்கத் தயாராக இருங்கள். கடல் சார்ந்து படிக்க விரும்பினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இருக்கிறது. வேறு மாநிலப் பிள்ளைகள் தேடி வந்து படிக்கும் இடம், நமக்கு ஒரு பேருந்து தூரம். மருந்து நிறுவனங்கள், நீர்ப் பரிசோதனைக் கூடங்கள், இறால் பண்ணைகள், வனத்துறைத் தேர்வுகள் என்றும் வழிகள் உண்டு.

ஓவியத்தில் டிசைன், அனிமேஷன், துணி வடிவமைப்பு, சினிமா கலைத் துறை, பள்ளி ஓவிய ஆசிரியர். அரசுப் பள்ளிப் பணிக்குத் தனித் தகுதி விதிகள் இருக்கின்றன, சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில ஆண்டுகள் வருமானம் சீராக இருக்காது. வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிட்டால் பின்னால் சண்டை குறையும்.

சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் மாற முடியுமா?

ஒரே கல்லூரிக்குள், சேர்க்கை முடியும் தேதிக்குள், இடம் காலியாக இருந்தால் துறை மாறுவது நடக்கும். தேதி தாண்டிவிட்டால் அடுத்த ஆண்டுதான். கல்லூரியை விட்டே போவதாக இருந்தால் மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்குவதற்கு முன் அடுத்த இடத்தில் சீட்டு உறுதி என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நாலைந்து நகல் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் அசலைக் கொடுக்க வேண்டும்.